பிளிகல் பாறைக்குக் கஞ்சித் தூக்கு

வனத்துறை வைத்திருக்கிற பலகையில் 'கடல் காட்சி முனை, 1.2 கி.மீ.' என்று எழுதியிருக்கிறது. எழுதினவன் என் முட்டியை மாட்டிக்கொண்டு ஒரு நாள் ஏறிப் பார்க்கட்டும். முந்நூற்றுப் பன்னிரண்டு படி. நடுநடுவே வேர் பின்னிக் கிடக்கும் மண்பாதை. மழை விட்டுப் பத்து நாளாகியும் பாசி காயவில்லை. பென்குயின் மாதிரி செய்து வைத்திருக்கிற குப்பைத்தொட்டிகளைத்தான் நான் கணக்குக்கு வைத்திருக்கிறேன். இந்தக் காட்டுக்கும் பென்குயினுக்கும் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை. மொத்தம் ஏழு. ஏழாவதைத் தாண்டினால் பிளிகல் பாறை, அதற்குக் கீழே கடல்.

அன்றைக்கு நான் கிளம்பும்போதே வெயில் ஏறிவிட்டது.

"அக்கா, டிக்கெட் வாங்கலையா?" டிக்கெட் கூண்டுக்குள்ளிருந்து ஈஸ்வர நாயக் கேட்டான். இரண்டு வருஷமாக இதே ஒரு பகடிதான் அவனிடம் இருக்கிறது.

"உன் தலையை அடமானம் வச்சு வாங்கிக்கறேன். தள்ளு."

"அண்ணன் விடிஞ்ச உடனே தனியாப் போயிட்டாரே. சண்டையா?"

"உன் வேலையைப் பாருடா."

சண்டைதான். அதை இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

என் வீட்டுக்காரர் ஜட்டப்பா இருபத்தெட்டு வருஷமாக அந்தப் பாறைமேல் நிற்கிறவர். எங்கள் ஹொசகேரியில் கரைவலைதான் பிழைப்பு. கீழே கரையில் நாற்பது பேர் தோணியையும் வலையையும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். கரையில் நிற்கிறவனுக்குக் கடலின் மேல்தோல்தான் தெரியும். மீன் கூட்டம் வருவது மேலே இருந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும். பாறையில் நிற்கிற ஆள் வெள்ளைத் துண்டை உயர்த்தினால் தோணி இறங்கும். துண்டு இடது பக்கம் போனால் தோணி இடது, வலது போனால் வலது. சுழற்றினால் வலையைப் போட்டு வளைத்துவிட வேண்டும். பாறையில் டவர் கிடைக்காது, கிடைத்தாலும் துடுப்புப் போடுகிறவன் போனைக் காதில் வைத்துக்கொள்ள முடியுமா? துண்டுதான்.

இந்த வேலைக்கு ஒரு சத்தியம் உண்டு. பாதி வழியில், நாலாவது பென்குயினுக்குப் பக்கத்தில், ஜட்டகர் கல் இருக்கிறது. எங்கள் காவல் தெய்வம். வருஷத்தின் முதல் வலை இறங்குவதற்கு முன்னால் பாறைக்காரன் அந்தக் கல்லுக்கு இளநீர் ஊற்றி, எல்லார் முன்னாலும், "கண்ணால காணாததைக் கையால காட்ட மாட்டேன்" என்று சொல்ல வேண்டும். நாற்பது பேருடைய ஒரு நாள் உழைப்பு அந்தக் கையில் இருக்கிறது அல்லவா? அதற்காக.

அந்தச் சத்தியத்தைச் செய்தவருக்கு இப்போது கண் இல்லை. முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. கையை நீட்டினால் விரல் தெரியும், படி தெரியும், என் முகம் கிட்டத்தில் வந்தால் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் பனி. நரம்பு வற்றிவிட்டது, போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர், ஊர் எல்லை வந்ததும் என் கையைப் பிடித்து, "யாருக்கும் தெரிய வேண்டாம் சனியாரி" என்றார்.

தெரிந்தால் தண்டேல் மாஸ்தியப்பா வேறு ஆளை ஏற்றிவிடுவார். வலைக்குத் தலைவர் அவர், அவருக்கும் வேறு வழியில்லை. ஆனால் இவருக்கு? அந்தப் பாறையை எடுத்துவிட்டால் இவரிடம் என்ன மிச்சம் இருக்கிறது? வீட்டில் உட்கார்ந்து வலைக்கண் தைக்கக்கூட முடியாது.

அதனால் நான் கஞ்சி கொண்டுபோகிறவள் ஆனேன். அவருக்கு நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றுகிறது என்று ஊரில் சொல்லி வைத்தோம். தினமும் கஞ்சித் தூக்கோடு அவர் பின்னால் ஏறுவேன். பாறையில் அவர் பக்கத்தில் நின்று கடலைப் பார்ப்பேன். "மத்தி, இடது பக்கம்" என்பேன். அவர் துண்டைக் காட்டுவார். "நீ பார்த்தா நான் பார்த்த மாதிரி. ஜட்டகருக்குத் தெரியும்" என்று அவரே ஒரு நியாயமும் கண்டுபிடித்துக்கொண்டார்.

போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். இரண்டு நாளும் இவர் மேக நிழலுக்குத் துண்டைத் தூக்கினார். வலை வெறும் பாசியோடு வந்தது. தண்டேல் சிரித்துக்கொண்டே, "ஜட்டப்பா, நிழலைக் குழம்பு வச்சுச் சாப்பிடச் சொல்றியா?" என்று கேட்டார். அதோடு விட்டுவிட்டார். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கும் ஐம்பத்தேழு வயசாகிறதே. காலையில் ஏற்றம், மத்தியானம் இறக்கம், அதற்கு அப்புறம் மீனைக் கூடையில் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டும். இறங்கும்போது வலது முட்டியில் 'கடக்' என்று ஒரு சத்தம் வருகிறது, அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது. நேற்று ராத்திரி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாய் தவறி வந்துவிட்டது.

"என்னால இனிமே முடியாது. நாளைக்கு நான் வரலை. தண்டேல்கிட்ட உண்மையைச் சொல்லிடலாம்."

"நீ கஷ்டப்பட்டு வர வேண்டாம். நான் பாத்துக்கறேன்" என்றார்.

"எதைப் பார்ப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அந்த வார்த்தையை நாக்கிலிருந்து திரும்ப எடுக்க முடியுமா? காலையில் எழுந்து பார்த்தால் அவரும் இல்லை, ஆணியில் துண்டும் இல்லை. கோபத்தில், போகட்டும் என்று அரை மணி நேரம் படுத்தே கிடந்தேன். அப்புறம் பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை. கஞ்சியை ஊற்றிக்கொண்டு, உப்பு மாவடு இரண்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் பென்குயின் வரைக்கும் கோபம் தள்ளிக்கொண்டு போனது. இரண்டாவதில் கோபம் தீர்ந்து மூச்சு வாங்கத் தொடங்கியது. மேலே இருந்து இறங்கி வந்த நாலு பெங்களூர்ப் பெண்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி கேட்டாள், "ஆண்ட்டி, தினமும் வாக்கிங் வருவீங்களா? அதான் இவ்வளவு ஃபிட்டா இருக்கீங்க."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஆமாம்மா, ஆரோக்கியத்துக்கு" என்றேன்.

மூன்றாவது பென்குயினில் ஒரு பெரியவர் படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வெளுத்து, சட்டை நனைந்து. அவர் மனைவி கையில் காலித் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு விசிறிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எவ்வளவு தூரம்மா?" அவர்தான் கேட்டார், அந்த நிலைமையிலும்.

"நீங்க மேல போக வேண்டாம். திரும்பிப் போங்க."

"முந்நூறு கிலோமீட்டருக்கு மேல கார் ஓட்டிட்டு வந்திருக்கேன்."

"கடல் கீழயும் இருக்கு. அதே கடல்தான்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காலையிலேருந்து எதுவும் சாப்பிடலை. சொன்னாக் கேக்கறதில்லை. இப்ப எப்படி இருக்காரு பாருங்க" என்று புகார் சொன்னாள். எனக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. தூக்கைத் திறந்து மூடியில் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தேன். இரண்டாவது மூடியும் குடித்தார். முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது. "மாவடு பிரமாதம்" என்றார். இரண்டாவது மாவடுவையும் எடுத்துக்கொண்டார். மெதுவாக இறங்கச் சொல்லி, கீழே ஈஸ்வரனிடம் கேட்டால் ஆட்டோ கூப்பிட்டுத் தருவான் என்று சொல்லிவிட்டு ஏறினேன். ஒரு கால் மணி நேரம் போயிருக்கும்.

ஜட்டகர் கல்லுக்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். அங்கே மரங்களுக்கு நடுவில் ஒரு சந்து. அதன் வழியாகக் கீழே கரை மட்டும் தெரியும், கடல் தெரியாது. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

தோணி மணலில் கிடந்தது. நாற்பது பேரும் தோணியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். எல்லார் முகமும் மேலே, பாறையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கையை நெற்றியில் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். தண்டேல் கையைக் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். ஒருத்தரும் தோணியைத் தொடவில்லை.

எல்லாரும் மேலே பார்க்கிறார்கள் என்றால் இவர் துண்டைக் காட்டுகிறார். காட்டியும் இறக்கவில்லை என்றால் இவரை நம்பவில்லை. விஷயம் வெளியே வந்துவிட்டது.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். முடிந்தது. இனிமேல் இந்தப் படி இல்லை, இந்தப் பென்குயின் இல்லை, பொய் இல்லை. நாளைக்குக் காலையில் வெயில் வரும் வரைக்கும் தூங்கலாம். இங்கேயே உட்கார்ந்திருந்தால் போதும், மீதி தானாக நடக்கும். எதிரே ஜட்டகர் எண்ணெய்ப் பிசுக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ பேசாம இரு" என்று அவரிடம் சொன்னேன்.

அப்புறம் ஒன்று தோன்றியது. மேலே அவர் தனியாக நின்று துண்டைக் காட்டிக்கொண்டிருக்கிறார். கீழே யாரும் அசையவில்லை என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததால் காட்டிக்கொண்டே இருப்பார். கை ஓயும் வரைக்கும் காட்டுவார், அந்த மனுஷன்.

எழுந்தேன். முட்டியைத் திட்டினேன், படியைத் திட்டினேன், அவரையும் திட்டினேன். ஐந்தாவது பென்குயின். ஆறாவது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு காலில் ஏறாத குறையாக ஏறினேன். ஏழாவதைத் தாண்டியதும் காற்று முகத்தில் அடித்தது.

கம்பிவேலி ஓரத்தில் ஏழெட்டுப் பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் பாறையின் விளிம்பில் ஜட்டப்பா. துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். கை வெடவெடவென்று நடுங்கியது. ஒரு பெண் அதைப் போனில் பிடித்துக்கொண்டே தோழியிடம், "பாவம்டி, யாருக்கோ டாட்டா காட்டறாரு. ரொம்ப நேரமா" என்றாள்.

"ஆமா, உனக்குத்தான் காட்டறாரு. தள்ளும்மா" என்று சொல்லிவிட்டு வேலிச் சந்தில் நுழைந்தேன்.

காலடிச் சத்தத்தில் என்னைத் தெரிந்துகொண்டார். துண்டை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வந்துட்டியா? ஐலேசா சத்தமே கேக்கலை. இறக்கலையா இன்னும்?"

"இறக்கலை."

"எவ்வளவு நேரமாக் காட்டறேன். தூங்கறானுங்களா?"

"நீங்க எதைப் பார்த்துட்டுத் தூக்கினீங்க?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "வாசனை வந்துச்சு. அந்த எண்ணெய் வாசனை. கடல்காக்கா எல்லாம் ஒரே இடத்துல கத்துது. மத்திதான் சனியாரி. பாரேன். மத்திதானே?"

கல்யாணமான முப்பத்தாறு வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கெஞ்சிக் கேட்டதில்லை. பொய்யாவது சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் கடலைப் பார்த்தேன்.

பொய் தேவைப்படவில்லை. கோயில் குளம் அளவுக்கு ஒரு கருஞ்சிவப்புத் திட்டு, விளிம்பெல்லாம் மழைத்துளி விழுகிற மாதிரி துடித்துக்கொண்டு, மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. மேலே பறவைகள் விழுந்து விழுந்து எழுந்தன. இந்த வருஷம் இவ்வளவு பெரிய கூட்டம் நான் பார்க்கவில்லை.

"மத்திதாங்க."

"எனக்காகச் சொல்லாத."

"ஜட்டகர் மேல சத்தியமா. பெரிய கூட்டம். தெற்கால போகுது, இன்னும் கொஞ்ச நேரத்துல முனையைத் தாண்டிடும்."

"அப்பாடா" என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "இரு, இரு. மூச்சு வாங்கிக்கறேன். மறுபடி தூக்கறேன்."

நானும் தினமும் வைக்கிற குழிவில் தூக்கை வைத்துவிட்டு, தினமும் நிற்கிற இடத்தில் அவர் பக்கத்தில் போய் நின்றேன். கீழே யாரோ ஒருத்தன் கையை நீட்டி மேலே காட்டினான். தண்டேல் கையைக் கட்டவிழ்த்துத் தலைக்கு மேல் வீசினார். நாற்பது பேரும் தோணியைத் தள்ளப் பாய்ந்தார்கள்.

ஐலேசா! ஐலேசா!

சத்தம் பாறை மேல் வந்து மோதியது. நான் சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்தேன்.

"சனியாரி" என்றார். "நான் இன்னும் துண்டைத் தூக்கலையே."

துண்டு அவர் தோளிலேயே கிடந்தது.

ஏதாவது சொல்லியிருக்கலாம். அலை இறங்கக் காத்திருந்தார்கள், கயிறு சிக்கிக்கொண்டிருந்தது, எதையாவது. இரண்டு வருஷமாக ஊருக்கே பொய் சொன்ன வாய்க்கு அந்த நேரத்தில் ஒன்றுகூட வரவில்லை.

"உன்னைப் பாத்துட்டு இறக்கறானுங்க" என்றார்.

"அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு மட்டும் எப்படிங்க தெரியும்?"

"போன வருஷம் உனக்குக் காய்ச்சல் வந்துச்சே. அந்த ரெண்டு நாள். அப்பவே தெரிஞ்சுக்கிட்டானுங்க. ஒருத்தன் வாயைத் திறக்கலை பாரு. முதல் வலைக்கு என்னைத்தான் இளநீர் ஊத்தச் சொன்னாரு மாஸ்தியப்பா. எல்லாம் தெரிஞ்சுகிட்டே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவமானத்திலா, அவர்கள் மேல் வந்த பாசத்திலா, இவ்வளவு நாள் ஏறின அசதியிலா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கீழே தோணி அலையைத் தாண்டிவிட்டது. துடுப்புப் போடுகிறவர்கள் எந்தப் பக்கம் போவது என்று திரும்பித் திரும்பிப் பாறையைப் பார்த்தார்கள். துண்டு இல்லாமல் அவர்களுக்கு வழி இல்லை.

"தோணி தாண்டிடுச்சுங்க" என்றேன்.

அவர் அசையவில்லை.

"கூட்டம் போயிடும்ங்க. நான் சொல்றதுக்குக் கை வேணுமே. எனக்குத் துண்டு காட்டத் தெரியுமா?"

முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அதே துண்டை உதறி உயர்த்தினார். "சொல்லு. எந்தப் பக்கம்?"

"இடது. இன்னும் இடது. கொஞ்சம் நேரா. இன்னும் போகட்டும். இப்ப வலது, வலது. போதும். சுத்துங்க!"

சுழற்றினார். சற்று முன்னால் நடுங்கிய கை அது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தோணி அரைவட்டம் அடித்தது, வலை இறங்கிக்கொண்டே போனது, கூட்டம் உள்ளே நின்றது. இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் எதற்கென்று தெரியாமலே கை தட்டினார்கள்.

அவர் உட்கார்ந்தார். நானும் காலை நீட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். தூக்கைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"பாதிதான் இருக்கு?"

"வழியில ஒருத்தருக்கு மயக்கம். ஊத்திக் கொடுத்தேன்."

"மாவடு?"

"ரெண்டையும் அவரே தின்னுட்டாரு."

"நல்ல மயக்கம்" என்றார். வெறும் கஞ்சியைக் குடித்தார். குடித்து முடித்துவிட்டுக் கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நேற்று ராத்திரி சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் கேட்டார்.

"இன்னிக்கு என்ன சேலை கட்டியிருக்க?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லேன்."

"பச்சை. பழசு."

"அறிவிருக்கா உனக்கு? பின்னாடி அவ்வளவு பெரிய காடு. முன்னாடி பச்சையைக் கட்டிட்டு வந்து நின்னா, கீழ இருக்கறவன் கண்ணுக்கு நீ எப்படித் தெரிவ?" குரலில் பழைய அதட்டல் இருந்தது. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. "நாளைக்கு அந்தச் சிவப்பைக் கட்டிட்டு வா."

நான் முட்டியைத் தேய்த்துக்கொண்டே, கீழே இருக்கிற முந்நூற்றுப் பன்னிரண்டு படியை நினைத்துப் பார்த்தேன்.

"அப்ப என்னை விட்டுட்டு ஓடாதீங்க" என்றேன். "நேரத்தோட எழுப்புங்க. எனக்கு ஏற நேரமாகும்."